மிச்சமிருந்த ஒரு தடவை

"அங்காளம்மன்னு போட்டுப் பாருடா," என்றார் காமராஜ் மாமா.

பீமாராவ் மடிக்கணினியில் பாஸ்வேர்டாக அதைத் தட்டினான். தவறு என்று வந்தது. சாமியானாவுக்குக் கீழே இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். உள்ளே ஐஸ் பெட்டியில் அவன் அண்ணன் ஆதவன் கிடந்தான். முந்தின நாள் கோர்ட்டுக்குப் போகும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை.

கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் வேண்டும். படங்கள் எல்லாம் மடிக்கணினியில் செருகியிருந்த ஆதவனின் பென்டிரைவில் பூட்டிக் கிடந்தன. ஆதவன் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். வழக்குக்கு வரும் பெண்களின் வாக்குமூலம் வெளியே போய்விடக் கூடாது என்று ஆபீசுக்கு வாங்கியதைப் போலவே வீட்டுக்கும் ஒன்று வாங்கினான். பத்துத் தடவை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்துவிடும்.

"நம்ம வூட்ல இன்னா ரகசியம் இருக்குது?" என்று அப்போது அவன் மனைவி கலைச்செல்வி கேட்டாள்.

"நீ சிரிக்கிற வீடியோ இருக்குதே."

கோட்டைப் படியில் மூச்சிரைக்க உட்கார்ந்து அவள் சிரிக்கும் வீடியோ அது. அதில் அவன் முகம் இல்லை, குரல் மட்டும்தான். 'செல்வி, இன்னொரு தபா சிரி' என்பான். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை.

"என் பேரு வச்சிருப்பானா?" என்றார் மாமா.

"உன் நம்பரையே பிளாக் பண்ணி வச்சிருந்தான், மாமா," என்றான் பீமாராவ்.

கல்யாண நாள், வண்டி நம்பர், அம்மா பெயர் என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியருகே இருந்த கலைச்செல்வி ஒவ்வொரு தடவையும் காதுகொடுத்தாள். தன் பெயரை யாராவது சொல்ல வேண்டும் என்றும் இருந்தது, சொல்லிவிடக் கூடாது என்றும் இருந்தது.

"அண்ணி, இன்னும் ஒரே ஒரு தபாதான்," பீமாராவ் வாசலில் வந்து நின்றான். "உங்க பேரு இன்னும் போடல."

அவள் எழுந்து வந்து பென்டிரைவை உருவிக்கொண்டாள்.

"உன் பேராத்தாம்மா இருக்கும்," என்றார் மாமா.

"இருக்கட்டும்."

"போட்டாத்தானே தெரியும்?"

அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஆதார்ல இருக்குற படத்தக் குடு, பீமா," என்றாள்.

மத்தியானம் பேனர் வந்தது. பிளெக்ஸ் கடைக்காரர் ஆதார் முகத்துக்கு நீலக் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தார். ஆதவன் கோட்டு போட்டதே இல்லை.

"கலெக்டராட்டம் இருக்குறான்," என்றார் மாமா. பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பீமாராவ் பேனரைத் தெருமுனைக் கம்பத்தில் கட்டினான். கலைச்செல்வி வெளியே வந்து பார்த்தாள். படத்தில் அவன் நேராகப் பார்க்கவில்லை. கண்கள் கொஞ்சம் இடப்பக்கம், சாக்கடை ஓரத்தைப் பார்த்தன.

அவள் நகர்ந்து போய் அங்கே நின்றாள்.