கண் வைத்த கன்று

“கொஞ்சம் இடது பக்கம் இறக்குங்க. இன்னும். போதும்,” என்றாள் அக்கா.

சுவரில் மாட்டிய படம் நேராகிவிட்டது. படத்தில் தம்பி வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் உதடுகளை இறுக மூடிக் கிடந்தான்.

“இதவிட அடக்கமா ஒரு படம் கெடைக்கலையா?”

அவனுடைய ஸ்டூடியோக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “தேடினோம்க்கா. எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்காரு,” என்றான் தாடிக்காரன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதான்.

முந்தின நாள் மதியம், வேலை செய்துகொண்டிருந்த நாற்காலியிலேயே தம்பி சாய்ந்திருக்கிறான். வேலையைக் கொடுக்க வேண்டிய நேரத்தில் தூங்குவது அவன் வழக்கம் என்பதால், எழுப்ப மனமில்லாமல் தாடிக்காரன்தான் விளக்கை அணைத்துவிட்டு வந்திருக்கிறான். காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அச்சகக்காரர்கள், பேனர் கட்டுகிறவர்கள், போட்டி ஏஜென்சிக்காரர்கள், அவன் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்காரர். ஒவ்வொருவரிடமும் அவனைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை இருந்தது. பாதி சொல்லும்போதே சிரிப்பு வந்து, சிரிப்பு அழுகையாக மாறியது. அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு இப்படி யார் வருவார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அவள் போனால் ஆபீசில் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வரும். அதிலும் எழுத்துரு பொருத்தமாக இருக்காது.

இருவரும் விளம்பரத் தொழிலுக்குத்தான் வந்தார்கள். அவள் பெரிய ஏஜென்சியில் சேர்ந்து, ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்துத் தலைமைப் பொறுப்புக்கு வந்தாள். வரவேற்பறை அலமாரி முழுக்க அவள் வாங்கிய விருதுகள். அவன் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஸ்டூடியோ வைத்துக்கொண்டு, எந்த வேலையையும் சொன்ன நாளில் கொடுக்காமல், எல்லோரிடமும் திட்டு வாங்கி, அவர்களையே சிரிக்க வைத்து அனுப்பினான்.

அப்படி ஒரு நாள் பால் கம்பெனிக்காரர் பொறுமையிழந்து அவன் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, பேனாவைத் தூக்காமல் ஒரே கோட்டில் ஒரு கன்றுக்குட்டியைப் போட்டுக் கொடுத்தான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வால் தூக்கி நிற்கும் கன்று. அதுதான் இன்றுவரை பால் பாக்கெட்டில் இருக்கிறது. அவள் செய்த விளம்பரப் பலகைகள் ஒரு பருவம் நின்று இறங்கிவிடும். அவனுடைய கன்று தினமும் காலையில் எல்லோர் வீட்டு வாசலிலும் வந்து நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகூட அதைக் காட்டிப் பால் கேட்கும். ஒருமுறை, பால் தண்ணீராக இருக்கிறது என்று சொல்லி அவள் தன் வீட்டில் வேறு கம்பெனிப் பாலுக்கு மாற்றினாள். பால் நன்றாகத்தானே இருந்தது என்று அவள் கணவருக்குப் புரியவேயில்லை.

போன வருடம் அந்தக் கம்பெனி பாக்கெட்டைப் புதுப்பிக்க வேண்டுமென்று அவளிடம் வந்தது. அவள் அதை ஆட்களிடம் கொடுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தானே உட்கார்ந்தாள். தம்பியிடம் மூச்சுவிடவில்லை. போனில் அவனுடைய ரத்த அழுத்தம், அவன் மகளின் படிப்பு எல்லாம் பேசினாள். இதை மட்டும் பேசவில்லை. அவள் போட்ட கன்று முகத்தை இந்தப் பக்கம் திருப்பியிருந்தது. அளவெடுத்த வளைவுகள், கரிய வட்டமாக ஒரு கண். ஆபீசில் அந்தக் கண்ணைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

பெட்டியை எடுக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு பால் கம்பெனி மேனேஜர் மலர்வளையத்தோடு வந்தார். வைத்துவிட்டு அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“இந்த நேரத்துல கேக்கறது தப்புதான், மேடம். புது டிசைன் இன்னைக்குச் சாயங்காலம் அச்சுக்குப் போகுது. தள்ளிப் போடணும்னா சொல்லுங்க.”

“எதுக்குத் தள்ளிப் போடணும்? அனுப்பிடுங்க.”

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. தம்பியின் மனைவி படுக்கையறைக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். அக்கா உட்கார்ந்தாள்.

“பால் கம்பெனி வேலை முடிஞ்சுதாக்கா?”

“எந்த வேலை?”

“கன்னுக்குட்டிய மாத்தறது. அவங்க மொதல்ல இங்கதானே வந்தாங்க. ‘நான் போட்டத நானே திருத்தினா அதே மாதிரிதான் வரும், எங்க அக்காகிட்ட போங்க’ன்னு இவருதான் அனுப்பி வெச்சாரு. தான் அனுப்பினதா சொல்லக் கூடாதுன்னும் மேனேஜர்கிட்ட கேட்டுக்கிட்டாரு. தெரிஞ்சா நீங்க எடுக்க மாட்டீங்களாம்.”

எத்தனையோ ஏஜென்சிகளை முந்திக்கொண்டு வாங்கியதாக அவள் ஆபீசில் சொல்லியிருந்தாள். அப்படித்தான் நம்பியும் இருந்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே அவன்.”

“நீங்களா சொல்வீங்கன்னு இருந்தாரு. நீங்க போன் பண்ணும்போதெல்லாம் ஸ்பீக்கர்ல போட்டுட்டு, இன்னைக்குச் சொல்லுவா பாருன்னு எனக்கு ஜாடை காட்டுவாரு. நீங்க வெச்சதும் சிரிப்பாரு.”

அக்கா போர்வையின் மடிப்பை நீவிவிட்டாள். “பாத்தானா? நான் போட்டத?”

“மேனேஜர் போன வாரம் காட்டிட்டுப் போனாரு. நல்லா இருக்குன்னுதான் அவர்கிட்ட சொன்னாரு. அவர் போனப்புறம் ஒரே சிரிப்பு. ‘அக்கா கண்ணு வெச்சுட்டா’ன்னாரு.”

அக்கா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. அழுது வீங்கிய முகம், அவ்வளவுதான். அவன் எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று இனி யாரிடமும் கேட்க முடியாது.

“வேற என்ன சொன்னான்?”

“எனக்கு இதெல்லாம் எங்கக்கா புரியுது? கண்ணு இருந்தா அது வேற எங்கயோ பாக்குதாம். வெக்காம விட்டா கையில எடுக்கறவங்களப் பாக்குமாம். போன் பண்ணிச் சொல்லுங்களேன்னேன். ‘வேணாம், சொன்னா கோவப்படுவா. அவளுக்கே தெரியும்’னுட்டாரு.”

அவளுக்குத் தெரியவில்லை. அத்தனை மாதம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தும் தெரியவில்லை.

வெளியே வந்து, வாசலில் வரிசையாகக் கிடந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தாள். போனில் புது டிசைனைத் திறந்து, சுண்டுவிரல் நுனியால் கண்ணை மறைத்தாள். கன்று அவளைப் பார்த்தது. விரலை எடுத்தாள். அது வேறெங்கோ பார்த்தது. மறுபடி மறைத்தாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போதாவது வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வயிறுதான் எரிந்தது. செத்த பிறகும் அவன் கைதான் ஓங்கியிருந்தது.

அப்படியே விட்டுவிடலாம். விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. புதுப் பாக்கெட் முழுக்க முழுக்க அவளுடையதாக இருக்கும். கொஞ்சம் மட்டமாக, ஆனால் அவளுடையதாக. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். தெரு விளக்குகள் எரியத் தொடங்கின. போனை எடுத்தாள்.

“அச்சுக்குப் போயிடுச்சா?”

“இப்பத்தான் அனுப்பப் போறோம், மேடம்,” என்றார் மேனேஜர்.

“கண்ண எடுத்துடுங்க.”

“புரியல, மேடம்.”

“கன்னுக்குட்டியோட கண்ண எடுத்துட்டுப் பாருங்க.”

அந்தப் பக்கம் அவர் யாரையோ கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. பிறகு மவுஸ் சொடுக்கும் சத்தம்.

“மேடம்,” என்றார். குரல் மாறியிருந்தது. “இப்பத்தான் உயிர் வந்திருக்கு. நம்மளையே பாக்கற மாதிரி இருக்கு. இந்த நேரத்துலயும் உங்களுக்கு எப்படித்தான் தோணுச்சோ.”

உள்ளே தம்பி மகள் எதற்கோ விசும்புவதும், அவள் அம்மா சமாதானம் சொல்வதும் கேட்டன. அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் இருந்தாள்.

“மேடம்? இருக்கீங்களா?”

“இருக்கேன்,” என்றாள். பிறகு, “தோணுச்சு,” என்றாள்.

வாடகை நாற்காலிகளை ஏற்றிப்போக வண்டி வந்திருந்தது. இரண்டு பேர் ஒன்றுக்குள் ஒன்றாக நாற்காலிகளை அடுக்கி, அடுக்கடுக்காகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசல் வெறிச்சோடிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒருவர் அவளுக்குச் சற்றுத் தள்ளி வந்து, தோள் துண்டால் கையைத் துடைத்தபடி நின்றார்.

அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.