கொக்கின் இடது கால்

நாமக்கல்லில் இருந்து சிங்கப்பூர் போன கோழிப்பண்ணைக்காரர்கள் நாற்பது பேர். அதில் முப்பத்தொன்பது பேரும், சிங்கச் சிலை கக்கும் தண்ணீரைக் குடிப்பதுபோல் வாயைப் பிளந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஜோதி மட்டும் சிலையின் தலையில் உட்கார்ந்திருந்த மைனாவை எடுத்தாள். மகள் தீபிகா கொடுத்தனுப்பிய கேமரா. சும்மா சொல்லக்கூடாது, மூன்றே நாளில் அவள் கைக்குப் பழகிவிட்டது. உச்சியில் கப்பலைத் தூக்கி வைத்த மாதிரி நின்ற ஓட்டல், கண்ணாடிக் கட்டடங்கள், வாய்க்கால் ஓரத்து மீன்கொத்தி என்று எல்லாம் அதற்குள் இருந்தன. புருஷன் கண்ணுசாமி மட்டும் இல்லை.

"ஏம்மிணி, ஊரையே புடிக்கறே. என்னைய ஒண்ணு புடிக்கப்படாதா?" என்பார்.

"பாக்கலாமுங்க" என்பாள்.

அந்தப் 'பாக்கலாமு'க்குள் இருபது வருஷத்துக் கோபம் இருந்தது. விடிந்ததும் கொட்டகைக்குள் நடந்து, இருபதாயிரம் கோழியில் எது தலை தொங்கி நிற்கிறது, எது தீவனத்தைக் கிளறிவிட்டுத் தின்னாமல் இருக்கிறது என்று காட்டுபவள் அவள். அதைக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோய் "நான்தானுங்க பாத்தேன்" என்பவர் அவர். சுற்றுவட்டாரத்தில் அவருக்குக் 'கழுகுக் கண்ணு' என்று பேர் வேறு. அட, ஒரு தடவை பெண்டாட்டி பேரைச் சொன்னால் வாய் கோணிக்கொள்ளுமா? ஒரே ஒரு தடவை சொல்லட்டும், அப்புறம் படம் எடுக்கலாம் என்று அவளும் பிடிவாதமாக இருந்தாள்.

கடைசி நாள் சாயங்காலம். பெரிய ராட்டினத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று, பஸ் கிளம்ப இருந்தது. ஏரிப் பூங்காவில் அரைமணி நேரமாக ஒரு சாம்பல் கொக்கையே எடுத்துக்கொண்டிருந்த ஜோதி, நாலு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்தக் கொக்கு சரியில்லைங்க."

அவ்வளவுதான், பஸ்ஸே சிரித்தது. "அக்கோவ், கொக்குன்னா ஒத்தக் கால்லதான் நிக்கும்! இங்கயும் வந்து பண்ணை வேலையா?" என்றான் தீவன ஏஜெண்டு ரமேஷ்குமார்.

"சும்மா நிக்கற கொக்கு காலை வவுத்தோட மடக்கிக்கும் தம்பி. இது தொங்கப் போட்டிருக்குது. நாலு படத்துலயும் இடது காலு தரையில படவே இல்ல, பாரு."

கண்ணுசாமி கேமராவை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. ஆனால் அவள் 'சரியில்லை' என்று சொல்லி ஒரு தடவையும் தப்பியதில்லை என்பது அவருக்குத்தானே தெரியும்! "ராட்டினம் எங்கயும் போயிராது, இருங்கப்பா" என்று பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பூங்கா அதிகாரி தமிழ் பேசும் ஓர் அம்மாள். படத்தைப் பார்த்ததும் போன் போட்டார். வலையோடு இரண்டு பேர் வந்தார்கள். கொக்கைப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ராட்டினத்துக்குக் கொடுத்த நேரம் போயே போய்விட்டது. பிடித்துப் பார்த்தால், இடது காலில் தூண்டிலின் நைலான் நரம்பு சுற்றிச் சுற்றிச் சதையை அறுத்திருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் காலே போயிருக்கும் என்றார்கள்.

"யாருங்க இதைக் கவனிச்சது?" என்று கேட்டார் அதிகாரி.

பழக்கதோஷம், எல்லாத் தலையும் கழுகுக் கண்ணுக்காரர் பக்கம் திரும்பியது. ஜோதி அவர் வாயையே பார்த்தாள். இங்கேயும் "நான்தானுங்க" என்றுவிட்டால், இந்த மனுஷன் பக்கத்தில் ஊர் வரைக்கும் எப்படி உட்கார்ந்து போவது?

கண்ணுசாமி தொண்டையைச் செருமினார். "எங்கூட்டுக்காரிங்க. பேரு ஜோதி" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "எங்க பண்ணையிலயும் அவதானுங்க பாக்கறது. நான் பேரை மட்டும் வாங்கிட்டுத் திரிஞ்சேன்."

ரமேஷ்குமார்தான் முதலில் கை தட்டினான். ஜோதிக்குப் பெருமை தாங்கவில்லை. அழுகையும் கூடவே வந்தது, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அப்படியே நில்லுங்க" என்று கேமராவைத் தூக்கினாள்.

அந்தப் படம்தான் இப்போது பண்ணை ஆபீஸில் மாட்டியிருக்கிறது. பின்னால் ஏரி, அதற்கும் பின்னால் கட்டடங்கள், நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கண் இரண்டையும் இறுக்க மூடிக்கொண்டு கண்ணுசாமி. வருகிற டாக்டருக்கெல்லாம் அவரேதான் காட்டுகிறார்: "எங்கூட்டுக்காரி எடுத்ததுங்க."