வாயாடி வாசித்த செய்தி

பள்ளிக்கூட வாசலைப் பார்த்தாலே பெரியகுட்டிக்கு வாந்தி வந்தது. தினமும் இதே கதை. அவளுடைய அம்மா, அந்த வீட்டு மூத்த மருமகள், பத்து வருஷம் பள்ளியில் பாடம் எடுத்தவள். "இனிமே என் பிள்ளைங்களுக்கு நானே வாத்தியார்" என்று வேலையை உதறிவிட்டு மகளை வீட்டிலேயே உட்காரவைத்தாள். அதே வீட்டில் குடியிருந்த கொழுந்தனின் மகளும் கூடச் சேர்ந்துகொண்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. பேச்சு ஓயாது என்பதால் வாயாடி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சாப்பாட்டு மேஜைதான் வகுப்பு. ஆளுக்கொரு பாடம். மூத்தவளின் கணவர் குழாய் வேலைக்காரர்; பிள்ளைகளைச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுக்கவைத்து, தண்ணீர் எப்படி ஏறுகிறது என்று காட்டுவார். அவர் தம்பி, வாயாடியின் அப்பா, பேருந்து ஓட்டுபவர். ஊரும் வரைபடமும் அவர் பொறுப்பு. இளையவள், வாயாடியின் அம்மா, விடியற்காலையில் பேக்கரிக்குப் போய் மதியம் திரும்பிக் கணக்கு சொல்லித்தருவாள். வாசிப்பும் எழுத்தும் மூத்தவளுடையவை. அதில் வேறு யாரும் தலையிட முடியாது.

மூன்று வருஷம் நன்றாகத்தான் போயிற்று. வாயாடி பாடத்தைத் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பிப்பாள். பார்த்து எழுதினால் முத்து முத்தாக இருக்கும்.

ஒரு மதியம் இளையவள் பேக்கரியில் புதிதாக வந்திருந்த ரொட்டியைக் கொண்டுவந்தாள். பெரியகுட்டியின் தம்பி, ஐந்து வயதுப் பொடியன், உறையில் இருந்ததை எழுத்துக்கூட்டினான்.

"சூ… டா… க்கி… சாப்பிடவும்!"

"அட, கெட்டிக்காரா! வாயாடி, அடுத்த வரி நீ படி."

வாயாடி பெரியகுட்டியைப் பார்த்தாள். பெரியகுட்டியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. இளையவள் அவளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினாள்.

"இப்ப படிம்மா."

"பெரியம்மா இன்னும் இந்தப் பாடம் எடுக்கலம்மா."

இளையவளுக்கு எங்கோ இடித்தது. வாசிப்புப் புத்தகத்தைப் பிரித்து, படத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நீட்டினாள். மகள் சிணுங்கினாள்.

"படத்தை மறைச்சா எந்தக் கதைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. பாடம் தொடங்குமுன் பெரியகுட்டி தங்கையை மாடிப்படியில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுவாள். இரண்டு தடவை கேட்டால் போதும், வாயாடிக்கு அப்படியே வந்துவிடும்.

"அண்ணிகிட்ட எப்படிச் சொல்றது? குத்தம் சொல்ற மாதிரி ஆயிடுமே" என்றார் கணவர்.

"சொல்லாம விட்டா நம்ம பொண்ணு என்னாவா?"

சொன்னபோது மூத்தவள் சிரித்தாள். "யாரு, இவளா? நல்லா சொன்ன போ!" எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது வாயாடியை அழைத்து, அன்றைய செய்தித்தாளை விரித்தாள். "உங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுடி, கண்ணு."

வாயாடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு விரலை வைத்துக் கணீரென்று தொடங்கினாள்.

"நேற்று பெய்த பலத்த மழையால் பேருந்துகள் தாமதமாக வந்தன. பயணிகள் மிகவும் அவதிப்பட்டனர்…"

அவள் அப்பாவின் முகம் மலர்ந்தது. எட்டிப் பார்த்தவர் அப்படியே உறைந்துபோனார். அவள் விரல் ஒரு செருப்புக்கடை விளம்பரத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

யாரும் நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவளாகவே முகங்களைக் கவனித்தாள். குரல் தேய்ந்து நின்றது.

"மூணு வருஷமா என் கண்ணு முன்னாடிதானே உட்கார்ந்திருந்தா!" என்றாள் மூத்தவள். சட்டென்று இளையவள் பக்கம் திரும்பினாள். "நான்தான் குருடியாயிட்டேன். பெத்தவ நீ, உனக்குக்கூடவா தெரியல?"

இளையவள் செய்தித்தாளை மடித்து வைத்தாள்.

அதன்பிறகு வீடே வாயாடியைச் சூழ்ந்துகொண்டது. பெரியப்பா கம்பியை வளைத்து எழுத்துகள் செய்தார். அப்பா வழியில் கண்ட பலகையையெல்லாம் படிக்கச் சொன்னார். பெரியம்மா மறுபடி அகரத்திலிருந்து தொடங்கினாள். யாரிடமும் கோபமில்லை, அத்தனையும் பாசம். வாயாடியோ நாளுக்கு நாள் வாயை மூடிக்கொண்டே வந்தாள். பசித்தால்கூடச் சைகைதான்.

வாசிப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் நிபுணரிடம் போனார்கள். அந்த அம்மா பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார்.

"அறிவுக்குக் குறைச்சலே இல்லை. எழுத்து மட்டும் மனசுல நிக்கல. தனியாப் பயிற்சி வேணும். வருஷக்கணக்காகலாம். நிறையப் பேர் காத்திருக்காங்க, முறை வந்ததும் கூப்பிடறோம்."

"அதுவரைக்கும் நாங்க என்ன பண்றதுங்க?"

"நீங்க வாசிச்சுக் காட்டுங்க. அவளை வாசிக்கச் சொல்லாதீங்க. முக்கியமா, ஆளாளுக்குப் பிடிச்சு இழுக்காதீங்க."

மூத்தவள் பாடம் எடுப்பதையே விட்டுவிட்டாள். "எனக்கு என் மேலயே நம்பிக்கை போயிடுச்சு" என்று சொல்லித் தன் பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். இளையவள் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாள். பலிக்கவில்லை.

முதல் நாள் காலை பெரியகுட்டி குளியலறையில் குனிந்து நின்றிருந்தாள். இளையவள் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வாயைக் கழுவிவிட்டு அந்தப் பெண் கேட்டாள்.

"நான் சொல்லிக்கொடுத்ததாலதானே சித்தி இப்படி ஆச்சு?"

"இல்லடா கண்ணு. சத்தியமா இல்ல."

பெரியகுட்டி தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை. பையை மாட்டிக்கொண்டு தம்பியோடு படியிறங்கிப் போனாள்.

இப்போது மதியங்களில் சாப்பாட்டு மேஜையில் தாயும் மகளும் மட்டும்தான். நிபுணரிடமிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. நேற்றும் இளையவள் தொலைபேசியில் விசாரித்தாள். "இன்னும் உங்க முறை வரலைங்க" என்றார்கள். அவள் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு ஒரு கதையை வாசிக்கத் தொடங்கினாள். பாதியிலேயே குழந்தை தூங்கிப்போனாள். வேறென்ன செய்வதென்று தெரியாமல், இளையவள் அந்தக் கதையைக் கடைசிவரை சத்தமாகவே வாசித்து முடித்தாள்.