ஓரம் கடித்த பன்

கடலைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லித்தான் விடுப்பு கேட்டேன். பொய். நான் பார்க்கப் போனது ஒரு ஆளை. அந்த ஆள் ஒரு கடலோர ஊரில் பேக்கரி வைத்திருக்கிறார், என் அக்காவைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது, எனக்கு நாற்பத்தாறு. இருவருமே கல்யாணம் என்ற பேச்சை எப்போதோ மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரே வீட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். இந்த வயதில் இது தேவையா என்று நான் எகிறியபோது அக்கா கோபப்படவில்லை.

"நீயே போய்ப் பாரு. யாருன்னு மட்டும் சொல்லிக்காதே. உனக்கு வேண்டாம்னு தோணிச்சுன்னா விட்டுடறேன், அப்புறம் அதைப் பத்திப் பேசவே மாட்டேன்" என்றாள்.

அக்கா சொன்னால் சொன்னதுதான். ஆக, முடிவு என் கையில். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பஸ் ஏறும்போதே முடிவு தயாராக இருந்தது. வேண்டாம். அதற்குக் காரணத்தை மட்டும் அங்கே போய்த் தேடிக்கொள்ள வேண்டும். குறை கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு?

நான் பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவள். அடுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை எடுத்து, ஓரத்தைக் கடித்து, மென்று, தாளில் குறித்துவிட்டு மீதியை ஓரமாகப் போட்டுவிடுவேன். முழுசாகத் தின்ன ஆரம்பித்தால் பத்து மணிக்கே நாக்கு மரத்துப் போகும். இருபத்திரண்டு வருடத்தில் இந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ரொட்டியோ கேக்கோ, ஓரம் எனக்கு, மீதி அக்காவுக்கு. முகம் சுளிக்காமல் தின்பாள். எனக்கு எலி என்று பெயர் வைத்ததோடு சரி.

அக்கா எடை அளவைத் துறையில் இருக்கிறாள். ஊர் ஊராகப் போய்க் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் வேலை. போன வருடம் அந்த ஊருக்குப் போனபோது பேக்கரித் தராசு தப்பாக இருந்ததாம். தப்பு என்றால், வாங்குகிறவனுக்குக் கூடுதலாகப் போகிற தப்பு. சரிசெய்யச் சொன்னதற்கு அந்த மனுஷர், எல்லாரும் இதற்குப் பழகிவிட்டார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்றாராம். சட்டம் சட்டம்தான் என்று அக்கா அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறாள். அப்படி ஆரம்பித்ததுதான் இது.

வியாழக்கிழமை போய் இறங்கினேன். கண்ணைக் கூசவைக்கும் வெயில். சுவர்களெல்லாம் வெள்ளை, கதவுகளெல்லாம் நீலம், எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் கடல் வந்து நின்றது. முதல் வேலையாகத் தொப்பிக் கடையில் அகலமான தொப்பி ஒன்றும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கி மாட்டிக்கொண்டேன். துப்பறியும் வேலை என்றால் சும்மாவா?

பேக்கரி மீன்பிடித் துறைக்குப் போகும் இறக்கத்தில் இருந்தது. நாலே மேஜை. அவர் ஒல்லியாக, உயரமாக, முழங்கை வரை மாவாக இருந்தார். ஒரு பன் கேட்டேன். தட்டில் வைத்துக் கொடுத்தார். ஓரத்தைக் கடித்தேன். உப்பு சரி. வெண்ணெய் சரி. மேல்புறம் ஒரு நிமிடம் அதிகமாக வெந்திருந்தது. நோட்டில் முதல் குறையைச் சந்தோஷமாக எழுதினேன். தட்டை எடுக்க வந்தவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, மீதியைக் கட்டித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மற்ற மேஜைக்காரர்களிடம் அப்படிக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். தனியாக வந்த பொம்பளையிடம் வழிகிறாரோ? அது இரண்டாவது குறை.

வெள்ளிக்கிழமை ஊரைச் சுற்றினேன். சுற்றுவது என்றால் விசாரிப்பது. துறைமுகச் சுவரோரம் ஒரு அம்மா மீன் வறுத்து விற்றாள். சூடாக, மொறுமொறுவென்று, எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். ஓரத்தைக் கடித்துவிட்டு வைத்தேன். "மீனு மேல உனக்கு என்னம்மா கோபம்?" என்றாள். கோபமில்லை, பழக்கம் என்று சொல்லிப் பேச்சைப் பேக்கரிப் பக்கம் திருப்பினேன். நல்ல மனுஷன், ஆனால் விடியற்கருக்கலில் அடுப்பு மூட்டும்போது பாடுவான், அது பாட்டு என்று அவன்தான் சொல்ல வேண்டும் என்றாள். மூன்றாவது குறை.

சிப்பிப் பொருள் கடையில் அக்காவுக்குப் பொத்தான் போட்டு வைக்க ஒரு டப்பா வாங்கினேன். ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வாய் தின்றுவிட்டு, கோப்பையை என்னையும் அறியாமல் எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கிறேன். எதிரே காலி நாற்காலி. ஐஸ்கிரீம் உருகித் தண்ணீராகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. அக்கா இங்கே வந்துவிட்டால் எங்கள் வீட்டு மேஜையும் இப்படித்தான் இருக்கும். அந்தப் பேக்கரிக்காரர் மேல் அப்போது வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

சனிக்கிழமை வேண்டுமென்றே வம்புக்குப் போனேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பன்னை ஓரம் கடித்து, இது பழசு, நேற்றுச் சுட்டது என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். கோபப்பட்டால் முன்கோபி என்று எழுதலாம். ஒத்துக்கொண்டால் பொய்யர் என்று எழுதலாம். எப்படியும் மாட்டினார். அவர் வந்து, பன்னை எடுத்து, நான் கடிக்காத பக்கத்தில் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பழசு இல்லைங்க. உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேற தரேன். ஆனா இது பழசு இல்லை."

குரலும் உயரவில்லை, தலையும் குனியவில்லை. நோட்டைத் திறந்தேன். எழுத ஒன்றுமில்லாமல் மூடினேன்.

மத்தியானம் தொப்பியின் நாடா அறுந்து போனதால் மறுபடி தொப்பிக் கடைக்குப் போனேன். நாடா தைத்துக்கொண்டே கடைக்காரப் பெண் வலிய வந்து சேதி சொன்னாள். ஒரு வருடமாகப் பேக்கரிக்காரர் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியானால் கடையைச் சாத்திவிடுகிறாராம். கால் மணி நேரம் யாரோடோ போன். தெருவுக்கே தெரியும், யார் என்று மட்டும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத்தான் அக்கா துணி எடுக்க மாடிக்குப் போகிறாள். எடுத்து வரும் துணி பாதி நாள் ஈரமாகவே இருக்கும். நான்தான் மறுபடி கொண்டு போய்க் காயப்போடுவேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் பஸ். மத்தியானம் கடைசியாகப் பேக்கரிக்குப் போனேன். கூட்டமில்லை. ஓரம் கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளினேன். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்களை வீட்டுல எலின்னு கூப்பிடுவாங்களாமே?"

தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றி மேஜைமேல் வைத்தேன். இனிமேல் அவற்றை மாட்டிக்கொண்டு என்ன பயன்? எப்போது தெரியும் என்று கேட்டேன். வியாழக்கிழமையே என்றார். தட்டைப் பார்த்தாராம். உலகத்தில் பன்னை இப்படி வைத்துவிட்டுப் போகிறவள் ஒருத்திதான் என்று அக்கா சொல்லியிருக்கிறாளாம். நான் வரப்போவதை மட்டும் அவரிடம் மூச்சு விடவில்லையாம். முத்திரை வைக்கிறவள் அல்லவா, தராசின் இரண்டு தட்டையும் நேராகத்தான் பிடித்திருக்கிறாள்.

"அப்போ மூணு நாளா என்கிட்ட நடிச்சீங்களா?"

"நடிக்கத் தெரிஞ்சிருந்தா நேத்து பன்னு பழசுதான்னு சொல்லித் தப்பிச்சிருப்பேனே."

அதற்குமேல் அடக்க முடியாமல் உள்ளே இருந்ததைக் கொட்டினேன். அவரிடம் ஒரு குறையும் இல்லை, குறை என்னிடம்தான், அக்கா இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது, நான் வைத்துவிட்டுப் போவதை எடுத்துத் தின்ன எனக்கு வேறு யாரும் இல்லை என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாற்பத்தாறு வயதில், ஒரு பேக்கரியில்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"ஒரு வருஷமா அவங்களும் அதையேதான் சொல்றாங்க. எலியை விட்டுட்டு எப்படி வர்றதுன்னு. நான் வாங்கன்னு ஒரு தடவைதான் கேட்டேன். மறுபடி கேட்டா பாரமாயிடும்னு கேக்கலை."

அந்தப் பன்னைக் கட்டித் தரச் சொன்னேன். எடுத்துக்கொண்டு பாறைகளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னக் கடற்கரைக்குப் போனேன். ஆளில்லை. மணல் காலைச் சுட்டது, தண்ணீர் குளிர்ந்தது. பாறை நிழலில் உட்கார்ந்து பன்னைத் தின்றேன். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். ஓரம் தாண்டி உள்ளே எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. மெத்தென்று, லேசான இனிப்போடு இருந்தது. இத்தனை வருடம் இதையெல்லாம் அக்காதான் தின்றிருக்கிறாள். திருடி. கடைசித் துணுக்கு வரை தின்று, காகிதத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் எடுத்தேன்.

மூன்று மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது அக்காவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பெயரைக்கூடப் பார்க்கவில்லை போலிருக்கிறது, குரலில் அப்படி ஒரு குழைவு.

"துணி காய்ஞ்சுதா?" என்றேன்.

உடனே குழைவு போய், பெரிய அதிகாரிக் குரலில், எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா என்றாள்.

"பன் சாப்பிட்டேன்."

"ஓரமா?"

"முழுசா."

மாடியில் துணி காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா அழுதால் சத்தம் வராது, எனக்குத் தெரியும். என் கண்ணிலும் தண்ணீர். வெயில் என்று சொல்லிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

"எலி..." என்று ஆரம்பித்தாள்.

"ராத்திரி வந்து பேசிக்கலாம். இப்ப போனை வை, அக்கா. மணி மூணாச்சு, அவர் கூப்பிடுவாரு."