விரல் நின்ற வரி

வேலைக்கான விண்ணப்பத்தில் 'உங்கள் திறமைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. பத்தொன்பது வருடம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் வேலை பார்த்தவள் நான். 'புடவை விரிப்பேன், மடிப்பேன்' என்று எழுதிக் கொடுத்தேன். மருத்துவமனை மேலாளர் கீர்த்திக்கு என் மகள் வயது. படித்துவிட்டு அவள் சிரிக்கவில்லை, அதுவே பெரிது. கடையை மூடிவிட்டார்கள். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளிகளிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும், ஒரு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்கிறோம் என்றாள்.

இன்று அந்த மாதத்தின் கடைசி நாள். மெதுவாக இருக்கிறேன் என்று ஏற்கெனவே இரண்டு முறை பேச்சு வாங்கியாயிற்று. மூன்றாவது முறை பேச்சு இருக்காது, வேலைதான் போகும் என்று கீர்த்தி காலையிலேயே சொல்லிவிட்டாள்.

பதினொன்றாம் கட்டிலில் தாமல் கிராமத்திலிருந்து வந்த சங்கரி. இருபத்தெட்டு வயது. கட்டிலில் உட்காரக் கூடாது என்பது விதி. ஆனால் கடையில் வாங்க வந்தவளோடு ஒரே பாயில் உட்கார்ந்த உடம்பு இது, உட்கார்ந்துவிட்டேன். படிவத்தை நான் வாசிக்க வாசிக்க, வரிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. கடையில் பழகியபடி கையைத்தான் பார்ப்பேன். மனசில் ஏதாவது தைத்தால் கை நின்றுவிடும். அப்போது நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

சங்கரியின் விரல் ஒரு வரியில் நின்றது. 'தேவைப்பட்டால் கர்ப்பப்பை அகற்றம்.' நான் வாசிப்பதை நிறுத்தினேன். அறுவை அறை உதவியாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"கட்டி மட்டும்தானே எடுக்கறோம்னாங்கக்கா?" என்றாள் கடைசியில். "எங்களுக்கு இன்னும் புள்ள இல்லியே."

'அதெல்லாம் எல்லாருக்கும் போடறதுதாம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அது எனக்குத் தெரியும். அந்த மாதிரி வார்த்தையைச் சொல்லியே ஆயிரம் புடவை விற்றிருக்கிறேன். இப்போதும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

"டாக்டர் வந்து உன்னாண்ட சொல்லட்டும்மா. அதுவரைக்கும் போடாத."

வாசலில் கீர்த்தி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை.

"ஆச்சா, சுகாசினிக்கா?"

"இன்னும் இல்லம்மா. டாக்டரை வரச் சொல்லுங்க."

கட்டிலில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்பி நடந்தாள். டாக்டர் அறை இடதுபுறம், அவளுடைய அலுவலகம் வலதுபுறம். எந்தப் பக்கம் திரும்பினாள் என்று கட்டிலிலிருந்து தெரியவில்லை.

சங்கரி விரலை எடுக்கவில்லை. நான் பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.