நான்காம் தடத்தில் ஆள் இருக்கிறார்

நூறு மீட்டர் மார்பு நீச்சல் இறுதிப் போட்டி தொடங்கிப் பதினேழு வருடமாகியும் நான்காம் தடத்துக்காரர் இன்னும் நீந்தி முடிக்கவில்லை. இதற்கிடையில் அவருக்குக் கல்யாணம் ஆகி, ஒரு மகள் பிறந்து, முன்தலை வழுக்கையாகி, அதே குளத்தில் பயிற்சியாளர் வேலையும் கிடைத்திருந்தது. நடந்தது இவ்வளவுதான். மார்பு நீச்சலில் சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். எல்லோருக்கும் முன்னால் வந்த அவர் வலது கையால் தொட்டார். இடது கையைக் கூட்டத்தைப் பார்த்து ஆட்டினார். தடத்து நடுவர் விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். இடது கை பிந்தித் தொட்டிருந்தால் தகுதி நீக்கம், தொடவே இல்லையே, ஆகவே போட்டி முடியவில்லை என்று சொல்லிவிட்டார். அதற்குள் மற்ற ஏழு பேரும் வந்து தொட்டுவிட்டார்கள். இனித் தொட்டால் எட்டாம் இடம். தொடாதவரை தோல்வி இல்லை. அவர் கையை மடக்கிக்கொண்டு கரையேறினார்.

அன்றிலிருந்து அவர் உடம்பு காயவில்லை. உச்சி வெயிலில் நின்றாலும் காது மடலிலிருந்து சொட்டும். பதிவாளர் அலுவலகத்தில் அவர் போட்ட கையெழுத்து அந்தப் பக்கம் முழுக்கப் பரவியது. மனைவி நாற்காலிகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டாள். "ஒரு கைய வைக்கறதுக்கு உங்களுக்கு என்ன கேடு?" என்று முதல் இரண்டு வருடம் கேட்டாள், பிறகு அவர் உட்காரும் இடத்தில் வாளியை வைக்கத் தொடங்கினாள். குளத்தின் மின்பலகையில் நான்காம் எண்ணுக்கு எதிரே விநாடிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அக்கம்பக்கத்தார் தங்கள் குழந்தைகளின் வயதை அதை வைத்துத்தான் கணக்குப் பார்த்தார்கள். நடுவர் நாற்காலியை விட்டு எழவில்லை. அவருடைய ஓய்வு உத்தரவையும் அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பயிற்சியாளராக அவர் கெட்டிக்காரர். ஒரே ஒரு சங்கடம். தகுதிச் சுற்றில் முதலாவதாக வருகிறவருக்கு இறுதிப் போட்டியில் நான்காம் தடம் என்பது விதி. அங்கேதான் ஆள் இருக்கிறாரே! முதலாவதாக வந்தவர்களின் பெயர்கள் வருடா வருடம் பட்டியலிலிருந்து அடிபட்டுப் போயின. ஆகவே தன்னிடம் வந்தவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், தகுதிச் சுற்றில் இரண்டாவதாக வருவது எப்படி என்பது. அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பதினைந்து வயதில் அவருடைய மகள் தகுதிச் சுற்றில் எல்லோரையும் ஓர் ஆள் நீளம் பின்னே விட்டு முதலாவதாக வந்தாள்.

"கடைசில கொஞ்சம் விட்டுக் குடுன்னு சொன்னேனா இல்லையா?" என்று அவர் குதித்தார்.

"எனக்கு மெதுவா போக வரலப்பா," என்றாள் அவள். "அந்த எடத்த எனக்குக் குடுங்க. இல்லன்னா நான் இதோட நிறுத்திக்கறேன்."

அவருக்குக் கோபம் வந்தது. தன் பிள்ளையிடம் பொறாமைப்படுகிறோம் என்பது புரிந்ததும் வெட்கமும் வந்தது. இறுதிப் போட்டிக்கு அரை மணி நேரம் இருக்கையில் சட்டை, காற்சட்டையோடு குளத்தில் இறங்கினார். சுவரெதிரே வெகுநேரம் நின்றார். பிறகு இரண்டு கையையும் ஒன்றாக வைத்தார். பலகை நின்றது. எட்டாம் இடம், பதினேழு வருடம் மூன்று மாதம் என்று நடுவர் எழுதிக்கொண்டு, முழங்கால்களைப் பிடித்தபடி எழுந்து வேறு ஆளுக்கு நாற்காலியைக் கொடுத்தார். மனைவி துண்டை நீட்டினாள். துடைத்ததும் அவர் காய்ந்துபோனார்.

மகள் நான்காம் தடத்தில் குதித்தாள். முதல் பாதியில் முன்னால் போனாள், இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கி, இரண்டு கையாலும் சுவரைத் தொட்டபோது ஐந்தாவதாக வந்திருந்தாள். பலகை ஒரு நிமிடம் பத்தொன்பது விநாடி காட்டியது. அவள் மேலே ஏறி, தலையைத் துவட்டி, காதில் புகுந்த தண்ணீரைத் தட்டி எடுத்துவிட்டு, "அம்மா, பசிக்குது," என்றாள். தோற்பதற்கு இவ்வளவு நேரம்தான் ஆகும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.