நோன்பு பிடித்த நாக்கு

எழுபத்தெட்டாம் வருஷம் ரமலானில், நெல்பேட்டை வாடகை சைக்கிள் கடை மஸ்தான் கனி பேச்சை நிறுத்தினார். எதிர் வேப்பமரத்துக் காக்கை இரண்டு நாள் கரையவே இல்லை. தெருவில் எது குறைந்துபோனது என்று அதற்குப் பிடிபடவில்லை. அவர் மனைவி பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கிவந்து அவர் முகத்தில் தெளித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாரே தவிர, மனிதர் வாய் திறக்கவில்லை.

காரணம், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகையில் நடந்த பயான். பள்ளிவாசல் இமாம் அசரத்து நாவடக்கம் பற்றிப் பிரசங்கம் செய்யும்போது மஸ்தான் கனி தூணில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது காதில் விழுந்தது, “இல்லாட்டி வாயை மூடிக்கிட்டு இருங்க” என்பதுதான். தன்னைப் பார்த்தே சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

அவர் நெஞ்சிலும் ஒரு முள் இருந்தது. பக்கத்து வீட்டு விதவை ஜைத்தூனின் மகன் ஹபீபுக்குத் திருமங்கலத்திலிருந்து பெண் கொடுக்க வந்தார்கள். “பையன் திடமா இருப்பானா?” என்று அவரிடம் விசாரித்தார்கள். நல்லது செய்வதாக நினைத்து, ஹபீப் ஒரே அமர்வில் ஒரு சட்டி பிரியாணியைக் காலி செய்ததையும், சட்டியைக் கழுவ வேலை வைக்காததையும் எடுத்துச் சொன்னார். அவர்கள் பஸ் ஏறியவர்கள்தான், திரும்பி வரவில்லை.

இப்போது ஹபீபுக்கு இன்னொரு சம்பந்தம் பேசி, மேலூரிலிருந்து பெண்ணின் தகப்பனார் மலுக்கு ராவுத்தர் வந்து கடை முன்னால் நின்றார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கதானே மஸ்தான் கனி பாய்? ஒங்க வாயில எதுவும் தங்காதுன்னாக. அதான் நேரா வாரேன். ஜைத்தூன் பீவி மகன் எப்படி?”

சலாமுக்குப் பதில் சொன்னார் மஸ்தான் கனி. அப்புறம் உதட்டை இறுக்கி, வானத்தைப் பார்த்தார்.

“ஒத்த வார்த்தை சொல்லுங்க பாய்.”

“நோன்பு. நான் யாரைப் பத்தியும் பேசுறதில்ல.”

மலுக்கு ராவுத்தருக்கு முகம் வெளுத்துவிட்டது. “சொன்னா நோன்பு முறியிற அளவுக்கா பாய் விஷயம் இருக்கு?” என்றவர், பதிலுக்குக்கூட நிற்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஜைத்தூன் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி ஓடிவந்தாள்.

“அண்ணே! எம்புள்ளையப் பத்தி என்னண்ணே சொன்னீக? மனுசன் வீட்டுக்கே வரல, மேலூருக்குக் கெளம்பிட்டாராம்.”

“ஒண்ணுமே சொல்லல தாயி!”

“அதான் வெனை. ஊரே பேசுற வாயி மூடுனா, உள்ள பொணம் கெடக்குன்னுதானே நெனப்பாக?”

“அசரத்து மூடத்தானே சொன்னாரு.”

“நானும் வீட்டுல இருந்து பள்ளிவாசல் மைக் குழாய்ல கேட்டேன். ‘நல்லதைப் பேசுங்க, இல்லாட்டி வாயை மூடிக்கிட்டு இருங்க’ன்னாரு. மொத பாதில தூங்கினீகளாக்கும்?”

மஸ்தான் கனி எழுந்தார். நல்ல சைக்கிளெல்லாம் வாடகைக்குப் போயிருந்தன. பிரேக் இல்லாததால் ஓரமாகச் சாத்திவைத்திருந்த ஒன்றுதான் மிச்சம். ஏறி மிதித்தார். வைகைப் பாலத்தில் அவர் தொப்பி பறந்தது. அது ஒத்தக்கடைக்கு அவருக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. அவர் போன வேகத்தில் யானைமலை ஒருக்களித்துப் படுத்துக்கொண்டதாகவும் சொல்வார்கள். சொன்னவர் மஸ்தான் கனி அல்ல. அந்த மாதம் அவர் அப்படிச் சொல்லமாட்டார்.

ஒத்தக்கடையில் மேலூர் பஸ் மேல் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் மலுக்கு ராவுத்தர். சைக்கிளை பஸ்ஸின் பின்பக்கம் மோதி நிறுத்தினார் மஸ்தான் கனி.

ஹபீப் வெள்ளத்தில் எருமையைத் தோளில் சுமந்த கதை நுனிநாக்குக்கு வந்தது. விழுங்கினார். லாரியை ஒற்றைக் கையால் தூக்கிய கதை வந்தது. அதையும் விழுங்கினார். நோன்பாளிக்கு எச்சில் விழுங்க அனுமதி உண்டு.

“எனக்கு ஒரு மக இருந்தா, ஹபீபுக்குத்தான் குடுப்பேன்.”

மலுக்கு ராவுத்தர் காத்திருந்தார். மேற்கொண்டு எதுவும் வரவில்லை.

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

“இத அங்கயே சொல்லியிருக்கலாமே பாய்?”

“ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாதுங்க எனக்கு. அந்தப் பயந்தான்.”

மலுக்கு ராவுத்தர் அவரை உற்றுப் பார்த்தார். வேர்வை வழிய, உதடு வெடித்து, சொல்ல வந்ததைச் சொல்லி நிறுத்திக்கொண்டு நிற்கிற மனிதர். இவர் ஒற்றை வாக்கியத்தோடு நிறுத்துவது நடக்காத காரியம் என்று மேலூரிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“கண்டக்டரே, எறங்கிக்கிறேன்” என்றார். “வாங்க பாய், நோன்பு தெறக்க சம்பந்தி வீட்டுக்குப் போவோம்.”

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் மஸ்தான் கனிக்கு நெஞ்சுமுள் கழன்று விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று அவர் விட்ட மூச்சில் பஸ்ஸின் மேலிருந்த வாழைத்தார் ஒன்று ஆடியது.

மலுக்கு ராவுத்தர் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். வெயில் தாழ்ந்திருந்தது. வைகைப் பாலத்தைத் தாண்டிச் சரிவில் இறங்கியபோது சைக்கிள் தன் இஷ்டத்துக்கு ஓட ஆரம்பித்தது.

“பாய், இதுல பிரேக் இருக்குல்ல?”

பிரேக்கைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று மஸ்தான் கனி யோசித்துப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.